ஐஸ் பெட்டியில் அரைக்கீரை

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த முதல் வாரம், கணவர் சந்தைக்குக் கிளம்பும்போது என்ன காய் வேண்டும் என்று கேட்டார். நான் புதுச்சேரிக்காரி. பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பழக்கத்தில், அரைக்கீரை ஒரு கட்டு, பிஞ்சு வெண்டைக்காய், கொஞ்சம் புதினா என்று அடுக்கினேன். அவர் போய்விட்டு வந்து பையைக் கவிழ்த்தார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் உருண்டன. கடைசியாக ஒரு கேரட் விழுந்தது.

"மீதியெல்லாம்?"

"இதாம்மா இருந்துது" என்றார், ஏதோ நான் வைரக்கல் கேட்டுவிட்ட மாதிரி.

எங்கள் குடியிருப்பு கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி, உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. வரிசையாகக் கட்டிய கான்கிரீட் வீடுகள். இரண்டிரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், ஒரே மாடி. பெண்களில் முக்கால்வாசிப் பேர் அளத்துக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பினால், வெயில் ஏறி பதினொரு மணிக்குத்தான் திரும்புவார்கள். சந்தையில் கீரை எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். மதியம் தெருவுக்கு வரும் காய்கறி வண்டி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். அதற்குள் நல்லது எல்லாம் போய், அடியில் நசுங்கிய தக்காளியும் முற்றிய கத்தரிக்காயும்தான் மிஞ்சியிருக்கும். மீனுக்கு மட்டும் குறையே இல்லை. காலையில் மீன், மதியம் மீன், மறுநாள் பழைய மீன் குழம்பு.

எனக்கும் அது பழகிப்போனது. எங்கள் மகளுக்கு நாலு வயதானபோது ஒருமுறை அவளை என் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். தட்டில் கீரைக் கடையலைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, புல்லா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை எனக்கு அதே யோசனைதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் விதைக்கடைக்குப் போய் அரைக்கீரை விதை ஒரு பாக்கெட் வாங்கினேன். அதற்கு முன்னால் நான் வளர்த்தது என்றால், பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் வைத்த பச்சைப்பயறு ஒன்றுதான்.

இடம் மாடிதான். வேறு இடம் கிடையாது. வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் கள்ளிகூட முகம் சுளிக்கும். தொட்டிக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கணவரின் வண்டியிலேயே அது இருந்தது. அவர் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அனுமந்தையிலிருந்து மீனைத் தெர்மாகோல் ஐஸ் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் போவார். மூலை உடைந்த பெட்டியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவர் வண்டியின் பின்னால் அது எப்போதும் நாலைந்து கிடக்கும். நன்றாகத்தான் கழுவினேன், ஆனாலும் ஒரு வாரத்துக்குத் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் மாடியிலேயே குடியிருந்தன.

மண்ணும் அவர்தான் கொண்டுவந்தார். இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எடுத்த செம்மண்ணை எங்கே கொட்டுவது என்று அவர்களுக்குக் கவலை. இவர் வெறும் வண்டியோடு அந்த வழியாக வந்தவர், பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பொங்கல் முடிந்த வாரம் அது. ஆறு பெட்டியில் மண்ணை நிரப்பி, ஆட்டுப் புழுக்கை கலந்து, அடியில் ஆணியால் ஓட்டை குத்தி, விதையைத் தூவித் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் மண்ணுக்கு மேலே பச்சையாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. நான் என் அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மா பதிலுக்கு, "போட்டோல ஒண்ணுமே தெரியல, வெறும் மண்ணுதான் இருக்குது" என்று எழுதினாள்.

அன்று மதியமே தெருவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏ பாண்டிச்சேரி! கீழ எறங்கி வாடி!"

பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் மாடியின் மறுபாதி அவருடையது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாட்டசாட்டமான ஆள், அளத்தில் அவர் கூப்பிட்டால் அடுத்த பாத்தியில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார் என்று சொல்வார்கள். அன்று வேலையிலிருந்து வந்து, குளித்துவிட்டுத் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். கண் சொக்கும் நேரத்தில் நெற்றியில் சொட்டென்று தண்ணீர் விழுந்திருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் காதில் விழுந்திருக்கிறது. என் பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர், நடுச்சுவருக்கு அடியில் புகுந்து, அவர் பக்கத்துத் தளத்தில் இருந்த விரிசல் வழியாக இறங்கியிருக்கிறது.

"மூணு மணிக்கு எழுந்து போய் உப்புல நின்னுட்டு வர்றேன். ஒரு மணி நேரம் கண்ண மூட விடமாட்டியா நீ? உனக்குக் கீர வேணும்னா பாண்டிச்சேரிக்கே போய்த் துன்னு!"

"தெரியாம நடந்துடுச்சிக்கா" என்றேன்.

"இன்னொரு வாட்டி ஒழுகுச்சின்னா அந்தப் பொட்டியெல்லாம் உப்புப் பாத்தியிலதான் மெதக்கும். சொல்லிட்டேன்."

தெருவே வாசலில் நின்று பார்த்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை, அவரும் என்னோடு பேசவில்லை. ஒரே சுவர், ஒரே படிக்கட்டு, ஆறு மாதம் பேச்சு கிடையாது. எதிர்ப்பட்டால் நான் செல்போனைப் பார்ப்பேன், அவர் வானத்தைப் பார்ப்பார்.

ஒழுகாமல் இருக்க ஓட்டையை அடைப்பது என்று முடிவு செய்தேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசையை வாங்கிவந்து ஓட்டையில் தடவினேன். அந்தப் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆணி அளவு இருந்த ஓட்டை, ஐந்து நிமிஷத்தில் எலுமிச்சம்பழம் போகும் அளவுக்கு விரிந்தது. கடைசியில் கைகொடுத்தது என் வேலைதான். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அங்கே ஃப்ளெக்ஸ் பேனரும் அடித்துக் கொடுப்போம். யாரும் வாங்கிப்போகாத பழைய பேனர்களை வெட்டி, பெட்டிக்குள் விரித்து, அதன்மேல் மண்ணைப் போட்டேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஒரு பெட்டியில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனர். மண்ணுக்கு மேலே அந்தக் குழந்தையின் நெற்றியும் பொட்டும் மட்டும் தெரியும்.

கீரை முளைத்தது, நாலு இலை விட்டது, பிறகு இலையின் ஓரமெல்லாம் பழுப்பாகி, தீயில் வாட்டிய அப்பளம் போலச் சுருண்டது. மறுபடி விதைத்தேன். மறுபடியும் அதே கதை. எங்கள் குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அது குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பல் தேய்த்தால் வாய் கரிக்கும். அதைத்தான் நான் கீரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். இது புரியவே எனக்கு மார்ச் மாதம் ஆகிவிட்டது.

ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து வங்கிக்கும் நடுவில் ஒரு சந்து. சித்திரை வெயிலில் ஒருநாள் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். வங்கியின் ஏசியிலிருந்து வந்த குழாய், சுவரோரம் சொட்டுச்சொட்டாகத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சின்னக் குட்டை. அதில் ஒரு காக்கா தலையை முக்கி முக்கிக் குளித்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது.

மறுநாள் மூன்று கேனோடு போய்க் குழாய்க்கு அடியில் வைத்தேன். வங்கியின் செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்தார். அறுபதை நெருங்குகிறவர், மீசையை முறுக்கிவிட்டிருப்பார், வெயிலோ மழையோ சட்டையின் மேல் பட்டனைக் கழற்ற மாட்டார்.

"இன்னாம்மா பண்ற? பேங்க் சுவரு ஓரமா எதுவும் வைக்கக் கூடாது."

"வெறும் கேனுதாண்ணா. ஏசித் தண்ணி புடிக்கிறேன்."

"ஏசித் தண்ணியா? அத இன்னா பண்ணுவ?"

"கீரைக்கு."

அவர் என்னையும் கேனையும் மாறிமாறிப் பார்த்தார். "மேனேஜர் கிட்ட கேட்டுட்டுதான் சொல்ல முடியும்" என்று உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, "யாரும் தடுக்கி விழாத மாதிரி ஓரமா வச்சிக்கச் சொன்னாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரக்கீரையா, சிறுகீரையா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே கேன் மாற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடைக்குள் தலையை நீட்டி, "இன்னைக்கி நகைக்கடன் கூட்டம், ஏசி ஃபுல்லுல ஓடுது, ரெண்டரை கேன் வந்துருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். கடை முதலாளி இதையெல்லாம் கண்டுகொள்ளாதவர் போல இருந்துவிடுவார். நான் ஸ்கூட்டியின் முன்னால் கேன்களை வைத்து ஓட்டிக்கொண்டு வருவேன்.

இவ்வளவு செய்தும் கீரை தேறவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவே. குட்டையாக, தடித்த இலையோடு, வாடிய முகத்தோடு நின்றது. நல்ல தண்ணீர்தானே ஊற்றுகிறேன், இன்னும் என்ன வேண்டும் இதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் ஆகஸ்டில் அந்தச் சம்பவம் நடந்தது.

நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. இரண்டு பெண்கள் பக்கத்து வீட்டு அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர், வாரும் பலகையைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டாராம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனதில், ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று நர்ஸ் சொல்லி, மாத்திரை கொடுத்திருக்கிறார். கூடவே, தினமும் கீரை சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்டது.

"கீர துன்னணுமாம். நான் பாத்தியில இருந்து வர்றதுக்குள்ள சந்தையில காம்பு கூட இருக்காது. அந்த நர்ஸம்மா கிட்டயே கேட்டேன், எங்கம்மா கெடைக்குதுன்னு. அது சிரிக்குது."

கரண்டியை அப்படியே வைத்தேன். மாடிக்குப் போனேன். ஆறு பெட்டியிலும் இருந்ததைக் கிள்ளினேன். ஒரு கைப்பிடிதான் தேறியது. தட்டில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

பாயில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா அது?"

"அரைக்கீரைக்கா. கொஞ்சந்தான் இருந்துது."

"எம்மேல ஊத்துன தண்ணியில வளந்ததா?"

நான் தட்டை நீட்டினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு மென்றார். புருவம் சுருங்கியது. "உப்பு போட்டு வேகவச்சியா?"

"இல்லக்கா, பச்சையாதான் இருக்குது."

"பச்சையிலேயே கரிக்குதே!"

சொல்லிவிட்டு எழுந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தார். "அக்கா, மயக்கம் போட்டவங்க, படி ஏறாதீங்க" என்று பின்னாலேயே ஓடினேன். "படுத்துக் கெடந்தா மட்டும் ரத்தம் ஊறிடுமா?" என்று சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மாடிக்கு வந்ததும் காதுகுத்துப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஐந்து வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, நீ கீரையா வெக்கிற? உப்பு இல்ல வெளைய வெக்கிற!"

எனக்குப் புரியவில்லை. பெட்டியின் விளிம்பில் உட்காரப் போனவரைத் தடுத்து, ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"எங்க அளத்துல இன்னா பண்றோம்? பாத்திய நல்லா மிதிச்சிக் கெட்டியாக்கறோம். தண்ணி கீழயும் எறங்காது, பக்கத்துலயும் ஓடாது. வெயிலு தண்ணிய குடிச்சிடுது, உப்பு தங்கிடுது. நீயும் அதத்தானே பண்ணி வச்சிருக்க? போர் தண்ணிய ஊத்தி, அடியில துணிய விரிச்சி, ஒரு சொட்டு வெளிய போவாம அடச்சிட்ட. மாசக்கணக்குல உப்பு ஏறிக் கெடக்குது. இப்ப நீ பன்னீரே ஊத்துனாலும் அது கீழ எறங்கிப் போறதுக்கு வழி எங்க?"

இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதமாக மனதில் வைத்திருந்தது எனக்குப் பொங்கிவிட்டது.

"ஓட்டை இருந்துதுக்கா. நீங்கதான் ஒழுகுதுன்னு தெருவே கேக்கற மாதிரி கத்துனீங்க. அதுக்கப்புறந்தான் அடைச்சேன்."

அவர் அளத்தின் பக்கம் திரும்பினார். தூரத்தில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"ஆமா. நாந்தான் கத்துனேன்" என்றார். பிறகு, "நான் எல்லார் கிட்டயும்தான் கத்துவேன். அதுக்காக ஓட்டைய அடைச்சிட்டு, ஆறு மாசம் பேசாமலே இருப்பியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தக் கைப்பிடிக் கீரையை அன்று பருப்போடு சேர்த்துக் கடைந்து கொடுத்தேன். உப்பு தனியாகப் போடவில்லை.

அதற்குப் பிறகு மாடி அவர் பொறுப்புக்குப் போய்விட்டது. ஒரு செம்புத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். அளத்தில் தேய்ந்துபோய்ப் போட்டிருந்த பலகைகளை எடுத்துவந்து, செங்கல்மேல் சாய்வாக வைத்து, பெட்டிகளை அதன்மேல் ஏற்றினார். பேனர் எல்லாவற்றையும் உருவச் சொல்லி, விரிந்த ஓட்டைகளின் மேல் ஓட்டுச்சில்லை வைத்தார். நெடுகப் பிளந்த பிளாஸ்டிக் பைப்பைப் பலகைக்கு அடியில் வாய்க்கால் மாதிரி கட்டினார். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அதன் வழியாக ஒரு வாளியில் வந்து விழும். தளத்தில் ஒரு சொட்டு விழாது. மண்ணைக் கழுவி உப்பை இறக்க ஏசித் தண்ணீர் போதவில்லை. "மழை வரட்டும்" என்றார்.

அக்டோபரில் மழை வந்தது. அளத்தில் வேலை நின்றது. அக்கா மழையில் நனைந்துகொண்டே மாடியில் நின்றார், நானும் ஒரு ஃப்ளெக்ஸைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அரை மணிக்கு ஒருமுறை வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்.

"இன்னும் இருக்குது."

மறுநாளும் விரலை விட்டார். "கொறஞ்சிருக்குது, ஆனா இருக்குது."

மூன்றாம் நாள் சாயங்காலம் விரலை நக்கிவிட்டு, இன்னொரு முறையும் நக்கினார். "போச்சி" என்றார். அந்த வாரமே விதைத்தோம். என் பக்கம் ஆறு, அவர் பக்கம் புதிதாகப் பன்னிரண்டு. வேலையில்லாத மாதம் என்பதால் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. என் கணவரை வழியில் மறித்துப் பெட்டிகளை இறக்கிக்கொண்டார்.

இந்த முறை கீரை வளர்ந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெட்டியே தெரியவில்லை. காலையில் பார்த்ததைவிடச் சாயங்காலம் உயரமாக இருக்கும். நாளை முதல் அறுவடை என்று இருவரும் பேசிவைத்த அன்று, புயல் வருகிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊருக்குப் புயல் புதிதல்ல. தெருவே துணி மூட்டை, ரேஷன் கார்டு, அடுப்பு சகிதம் கிளம்பியது. அக்கா மட்டும் மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"தெர்மாகோல் பொட்டி. காத்துல ஒண்ணு கூட நிக்காது."

"விட்டுட்டு வாங்கக்கா, மறுபடி விதைச்சிக்கலாம்" என்றேன்.

"பத்து மாசமா ஒழுங்கா ஒரு இலை துன்ன முடியல. நாளைக்கி அறுக்கலாம்னு இருக்கும்போது விட்டுட்டு வரவா?"

என் கணவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். பதினெட்டுப் பெட்டியையும் இறக்கி ஏற்றினோம். தெருப் பெண்கள் நாலைந்து பேர், திட்டிக்கொண்டே கைகொடுத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் ஆட்களைக் குறித்துக்கொண்டிருந்த அதிகாரி, வண்டியிலிருந்து வரிசையாகக் கீரைப் பெட்டிகள் இறங்குவதைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது இன்னாம்மா? ஆளுங்களுக்கே எடம் பத்தல. இதெல்லாம் உள்ள விட முடியாது."

அக்கா, சுகாதார நிலையத்தில் கொடுத்த சீட்டை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார். "இது என் மருந்துங்க சார். நர்ஸம்மாவே தினம் சாப்பிடணும்னு சொல்லிருக்காங்க. பாருங்க, ரத்தம் எட்டுதான்."

அதிகாரி சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பதினெட்டுப் பெட்டியைப் பார்த்தார். "இவ்வளவு மருந்தா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட, "வராந்தா ஓரமா வச்சிக்குங்க. கூட்டத்துக்கு நடுவுல வைக்காதீங்க" என்று விட்டுவிட்டார்.

அன்று பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாக்களில் சமையல். சோறும் சாம்பாரும். சாம்பாரில் காய் போட வழியில்லை, மழையில் எந்த வண்டியும் வரவில்லை. வெளியே காற்று தென்னைமரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து, "கத்தி இருக்குதாம்மா யார் கிட்டயாவது?" என்று கேட்டார். வராந்தாவில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக அறுத்தோம். எங்கள் தெருப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். பதினெட்டுப் பெட்டிக் கீரையும் பருப்பு அண்டாவுக்குள் போனது. அத்தனை பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கரண்டிதான் வரும். ஆனாலும் அந்த மணம் வகுப்பறை வகுப்பறையாகப் போனது. என் மகள் தட்டைப் பார்த்துப் புல்லா என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம், "எங்க மாடியில மொளச்சுது" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

தனக்கென்று ஒரு கட்டுகூட எடுத்துவைக்கவில்லையே என்று அக்காவிடம் கேட்டேன். "வேர விட்டுட்டுதானே அறுத்தோம்? பத்து நாள்ல மறுபடியும் தழையும்" என்றார், வாயில் சோற்றோடு.

புயல் வடக்கே போய்விட்டது. வீடு திரும்பிய மறுநாளே, கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்த பெண்களில் ஒருத்தி, "எனக்கும் ரெண்டு பொட்டி சொல்லி வையேன்" என்று என் கணவரிடம் கேட்டாள். பிறகு இன்னொருத்தி. கார்த்திகை முடிவதற்குள் எங்கள் வரிசையில் பாதி மாடிகளில் தெர்மாகோல் பெட்டி ஏறிவிட்டது. பொங்கலுக்குள் அக்காவின் ரத்தம் பதினொன்றுக்கு வந்தது. அவர் அந்தச் சீட்டையும் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்ல மாட்டேன். கோடை வந்ததும் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. அளத்தில் வேலையும் தொடங்கிவிட்டது. வேலை முடிந்து வந்தவர்களால் மாடி ஏற முடியவில்லை. சில வீட்டில் பெட்டி காய்ந்து, கோழி முட்டையிடும் இடமானது. ஒரு வீட்டில் ஆடு மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்டது. கடைசியில் ஏழு வீடு நின்றது. அரிசி கழுவிய தண்ணீர், வங்கிக் கேன், முந்தின மழையில் டிரம்மில் பிடித்தது என்று ஏழு வீட்டிலும் ஏதோ ஒரு வகையில் சமாளித்தோம். பதினொரு மணிக்கு அளத்திலிருந்து வருகிறவர்கள் நேராக மாடி ஏறி, வேண்டியதைக் கிள்ளிக்கொண்டு இறங்குவார்கள். இப்போது வெண்டையும் கத்தரியும் வருகின்றன. தக்காளிதான் இன்னும் எங்களிடம் முறைத்துக்கொண்டு இருக்கிறது.

போன மாதம் ஒரு சண்டை நடந்தது. அக்கா அவர் பக்கம் ஒரு பரங்கி விதை ஊன்றியிருந்தார். கொடி நடுச்சுவரைத் தாண்டி என் பக்கம் வந்து, என் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் படர்ந்து, தொட்டிக்குப் பின்னால் ஒரு காய் விட்டது. நாங்கள் கவனிக்கும்போது அது ஒரு குடம் அளவுக்குப் பெருத்திருந்தது.

"வேரு என் பக்கம்" என்றார் அக்கா.

"காய் என் பக்கம்கா. தண்ணியும் என் தொட்டியில வழிஞ்சதுதான் குடிச்சிது" என்றேன்.

"வெத யாருது?"

"எடம் யாருது?"

குரல் ஏறிக்கொண்டே போனது. கீரைக்கு வந்த பெண்கள் படியிலேயே நின்று, இந்த வருஷமும் ஆறு மாதம் பேசமாட்டார்கள் போல என்று சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி சும்மா இராமல் எங்களைத் தாண்டிப் போய், கையிலிருந்த கத்தியால் காம்பை அறுத்து, காயைத் தூக்கித் தளத்தின் நடுவில் வைத்து, ஏழு துண்டாகப் போட்டாள். துண்டெல்லாம் ஒரே அளவில் இல்லை. பெரியதை அக்கா எடுத்துக்கொண்டார். அதற்கு அடுத்ததை நான் எடுத்துக்கொண்டேன். அன்று மதியம் எங்கள் வரிசையில் ஏழு வீட்டிலும் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்தது.